வெள்ளச் செய்தியில் எதை நம்புவது?

கேள்வி: எங்கள் வீடு பவானியில் ஆற்றோரத் தெருவில் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலே வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் குவிகின்றன. எது இன்றைக்கு எடுத்தது, எது பழசு என்றே தெரியலைங்க. வயதான மாமியாரை வைத்துக்கொண்டு எதை நம்பிக் கிளம்புவது?
– வாசகி, பவானி

பதில்: அதிகாரிகள் வந்து கிளம்பச் சொல்லிவிட்டால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் கைப்பேசி உதவும்.

எல்லோரும் மேட்டூர்க் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் காவிரி, பவானி என்று இரண்டு ஆறு கூடுகிறது, அதனால் பவானி ஆற்றின் பவானிசாகர் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். காவிரி நிறைந்து ஓடினால் பவானித் தண்ணீர் சட்டென்று கலக்க முடியாமல் பின்னால் ஏறும். ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்குச் சுமார் 28 லட்சம் லிட்டர். அது உங்கள் வாசலுக்கு எவ்வளவு என்பதைத் தெருக்காரர்கள்தான் சொல்ல முடியும். 2018 ஆகஸ்டில் மேட்டூர்த் திறப்பு இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு, சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அப்புறம் வீடியோ. இடமும் நேரமும் சொல்லாத வீடியோவை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. "கூடுதுறைப் படித்துறை, காலை 6.40, மேலே நான்கு படி மிச்சம்" என்று ஒரு படம் வந்து, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இரண்டு படிதான் மிச்சம் என்று இன்னொன்று வந்தால், தண்ணீர் ஏறும் வேகமே தெரிந்துவிடுகிறது. 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளத்தில் ஏபிசி ஒலிபரப்பு நிறுவனம் இப்படி மக்கள் அனுப்பியதை உஷாஹிடி என்ற மென்பொருளில் வரைபடமாகப் போட்டது, சரிபார்த்தது எது, பார்க்காதது எது என்றும் பிரித்துக் காட்டியது. கென்யாவில் 2008-இல் பிறந்த மென்பொருள் அது. சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். 2015 சென்னை வெள்ளத்திலும் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் குறித்தார்கள். உங்கள் தெருக் குழுவுக்கு அவ்வளவு வேண்டாம், இடம், நேரம், படிக்கணக்கு போதும். படம் எடுக்க யாரும் படியில் இறங்கக் கூடாது. ஆபத்தென்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ராத்திரியில் கரண்டும் டவரும் போய்விட்டால் என்ன செய்வதுங்க?
– வாசகர், கொடுமுடி

பதில்: சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும், படம் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பவானியிலும் ஈரோடு கருங்கல்பாளையத்திலும் ஆற்றோரம் இருக்கிற சொந்தக்காரர் இரண்டு பேரின் நம்பரை இன்றைக்கே காகிதத்தில் எழுதி வையுங்கள். காவிரி அவர்களைத் தாண்டித்தான் உங்களிடம் வரும்.