இளங்கலையில் தொல்லியலைத் தேட வேண்டாம்

கேள்வி: கீழடியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பிளஸ் டூ படிக்கும் என் மகள் தொல்லியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எதில் சேர்ப்பது? வேலை கிடைக்குமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தொல்லியல் என்று பெயர் போட்ட இளங்கலையைத் தேடி அலையாதீர்கள். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், வெளியே போகலாம் என்றால் புனே டெக்கான் கல்லூரி. மாநிலத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பும் உண்டு. எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பதை அவர்களுடைய சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டு இளங்கலையை முடிவு செய்யுங்கள்.

வரலாறு எடுக்கலாம். அறிவியல் பிரிவு மாணவி என்றால் நிலவியலும் நல்ல அடித்தளம். வாசிப்பில் ஆர்வம் உள்ளவர் என்றால் எங்கள் ஓட்டு தமிழ் இலக்கியத்துக்கு. என்ன, குழியில் கிடைக்கிற ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் ஒரு சங்கப்பாட்டைப் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்க வேண்டும்!

எதை எடுத்தாலும் அந்த மூன்று ஆண்டுகளில் பழைய எழுத்துகளைப் படிக்கப் பழகட்டும். இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சோழர் காலத் தமிழில் தொடங்கி, கிரந்தம் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து), வட்டெழுத்து (வளைந்த வடிவப் பழந்தமிழ் எழுத்து), தமிழி (தமிழ் பிராமி) என்று பின்னோக்கிப் போவது சுலபம். ஆரம்பத்தில் தடுமாற வைப்பவை இரண்டு. கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. 'கொபபரகெசரி' என்று வெட்டியிருப்பதை 'கோப்பரகேசரி' என்ற சோழ மன்னர் பட்டப்பெயராகப் படிக்க வேண்டும். எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, சொல்லும் தெரிய வேண்டும். கல்வெட்டைத் தாளில் பிரதி எடுக்கும் மைப்படி முறையையும் கற்கலாம்: கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக்குழிக்குள் இறங்கும்படி பிரஷ்ஷால் அடித்து, முக்கால்வாசி காய்ந்ததும் மை ஒற்றுவார்கள். ஈரத்தில் ஒற்றினால் மை ஊறி எழுத்து அடைபடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும்.

அகழாய்வுக் குழியில் பொறுமைதான் பாதி வேலை. கிடைத்த பொருளைவிட, அது எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எத்தனை செ.மீ. ஆழத்தில் கிடந்தது என்ற பதிவுக்கே மதிப்பு அதிகம். எலி வளை வழியாக மேலடுக்குக் காசு கீழடுக்குக்கு இறங்கியிருக்கலாம். மண்ணின் நிறம் மாறுவதைக் கவனிக்காவிட்டால் காலக்கணிப்பே புரண்டுவிடும். கார்பன் முறைக் காலக்கணிப்புக்கு எடுக்கும் கரித்துண்டைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். பஞ்சில் பொதிந்தால் அதன் புதிய கார்பன் கலந்து, உண்மையைவிடப் பிந்தைய காலம் வரக்கூடும்.

வேலை விஷயம்: பணியிடங்கள் குறைவு. தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. மத்தியத் தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. கல்லூரிக்குப் போக நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அகழாய்வுத் திட்டங்களில் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக வேலை. படிப்பு முடிந்து சில ஆண்டுகள் நிலையான வருமானம் இல்லாமல் போகலாம். அதற்கு வீடு தாங்குமா என்பதை இப்போதே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.