மாடியில் பசுமைக்குடில்: 2.4 லட்சம் போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வயது 62. வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். பி.எஃப். பணத்தில் 14 லட்சத்தை 2024 ஜனவரியில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 ரூபாய் வருகிறது. ஓய்வூதியம் மாதம் 3,100. வங்கியில் கையிருப்பு 60,000. மொட்டை மாடியில் 400 சதுர அடியில், பாலித்தீன் கூரையும் விசிறியும் வைத்துப் பசுமைக்குடில் அமைக்க, காட்பாடியில் ஒருவர் 2,40,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்குப் போக மீதிக் காய்கறியைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், மாதம் 10,000 கிடைக்கும் என்றும் சொல்கிறார். எங்கள் காய்கறிச் செலவு மாதம் 3,000. அஞ்சலகப் பணத்தை எடுக்கலாமா, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? பெங்களூரில் இருக்கும் மகன் தாராளமாகச் செய்யுங்கள் என்கிறான். செடி வளர்ப்பதில் எங்கள் இருவருக்குமே ஆசை.

பதில்: கணக்குப் பிரிவில் காலம் கழித்தவர் நீங்கள். அதனால் பேரேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2,40,000 ரூபாய் இப்போது இருக்கும் இடத்திலேயே இருந்தால் 8.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 19,680 ரூபாய், அதாவது மாதம் 1,640 ரூபாய் தருகிறது. அதை எடுத்துக் குடிலில் போட்டால் இந்த வரவு நின்றுவிடும். குடிலும் நிலம்போல நிலைத்து நிற்பதில்லை. பாலித்தீன் தாளை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாய்ச் சட்டம் அதிக நாள் தாங்கும். மொத்தமாகப் பத்தாண்டு என்று தாராளமாக வைத்தாலும் தேய்மானம் மாதம் 2,000 ரூபாய். ஆக ஒரு விதைகூட ஊன்றுவதற்கு முன்பே அந்தக் குடில் மாதம் 3,640 ரூபாய் தின்றுவிடும். உங்கள் வீட்டின் மொத்தக் காய்கறிச் செலவே 3,000 தான். அந்த 3,000-லும் வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முருங்கைக்காய் என்று குடிலில் விளையாதவை கணிசமாக இருக்கும். வீட்டுச் செலவை மிச்சப்படுத்துவது என்ற காரணம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இனி, பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி. மூத்த குடிமக்கள் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி கிடையாது. முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். இரண்டு ஆண்டு கடந்து, ஐந்து ஆண்டு முடிவதற்குள் மூடினால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள். 2.4 லட்சம் வேண்டும் என்பதற்காக 14 லட்சத்தையும் உடைத்து 14,000 ரூபாயை இழப்பீர்கள். மீதியைத் திரும்பப் போடும்போது அன்றைக்கு இருக்கும் வட்டிதான் கிடைக்கும், 8.2 கிடைக்கும் என்று உறுதியில்லை. நகை அடகு இன்னும் மோசம். 10 சதவீதம் என்று குறைத்து வைத்தாலும் வட்டி மட்டுமே மாதம் 2,000. உங்கள் மாத வரவு வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து ஏறத்தாழ 12,670 ரூபாய். அதில் ஆறில் ஒரு பங்கு வட்டிக்கே போன பிறகு அசலை எதிலிருந்து அடைப்பீர்கள்? இரண்டுமே வேண்டாம்.

அந்த 10,000 ரூபாய் வாக்குறுதியையும் பார்த்துவிடலாம். 400 சதுர அடி என்றால் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. நடைபாதை, தண்ணீர் டிரம் போக செடி நிற்கும் இடம் 250 சதுர அடி தேறினால் பெரிது. வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிறகும் மாதாமாதம் 10,000 ரூபாய்க்கு விற்க, கிலோ 40 ரூபாய் என்று வைத்தால்கூட 250 கிலோ காய் வேண்டும். அதாவது நாளுக்கு எட்டு கிலோவுக்கு மேல், கோடையிலும் மழையிலும் தவறாமல். இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் ஆவல்தான். 'விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற வாசகத்தை, ஈமு கோழி வளர்ப்பில் பணம் போடச் சொன்ன காலத்திலும் கேட்டோம். 2012-ல் அந்தத் திட்டங்கள் சரிந்தபோது கோழி மட்டும்தான் மிச்சமிருந்தது, வாங்குகிறவரைக் காணவில்லை. எழுத்தில் விலையும் அளவும் இல்லாத வாக்குறுதிக்குப் பேரேட்டில் பூஜ்ஜியம்தான் மதிப்பு.

இவ்வளவும் சொன்னதால் ஆசையைக் கைவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாடியில் செடிகளுக்கு ஒரு குடில் வைப்பதில் நிஜமான லாபம் இருக்கிறது. ஆனால் காட்பாடிக்காரர் காட்டும் குடில் வேலூருக்கு உரியது அல்ல.

கண்ணாடிக் குடிலும் பாலித்தீன் குடிலும் குளிர்நாடுகளில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காக வந்தவை. வெயில் உள்ளே நுழையும், சூடு வெளியே போகாது. ஊட்டியில் அதற்கு வேலை இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், சூடேறிய கான்கிரீட் தளத்தின்மேல் அதை வைத்தால் செடி வெந்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி பூவை உதிர்க்கத் தொடங்கும். அதனால்தான் அவர் விசிறியையும் சேர்த்து விற்கிறார். அரைக் குதிரைத்திறன் விசிறி ஒன்று நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3 யூனிட், இரண்டு மாதத்தில் 180 யூனிட். வீட்டுப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டண வீதம் ஏறிவிடும். சூட்டைக் காசு கொடுத்து உள்ளே இழுத்து, அதை வெளியேற்ற மறுபடி காசு கொடுப்பானேன்?

உங்களுக்குத் தேவை நிழல்வலைக் குடில். ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எட்டு ஒன்பது அடி உயரச் சட்டம், மேலே 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை, நாலு பக்கமும் காற்று போய்வர வழி. கீரை, புதினா, கொத்தமல்லி, நாற்று எல்லாம் கோடையிலும் இதன் கீழ் பிழைக்கும். கார்த்திகை, மார்கழியில் வெயில் குறையும்போது வலையைச் சுருட்டி ஒதுக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் மிளகாயும் தக்காளியும் இலையாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். ஒரு மூலையை மட்டும் நுண்ணிய பூச்சித் தடுப்பு வலையால் அடைத்து அதில் நாற்று விடலாம். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலையும் தக்காளியில் இலைச் சுருட்டலையும் பரப்புவது வெள்ளை ஈ. இளம் வயதில் அதனிடமிருந்து செடியைக் காப்பாற்றினால் பாதிச் சண்டை முடிந்தது, மருந்துச் செலவும் குறையும். பாகல், புடலை போன்ற கொடிகளை வலைக்கு வெளியே பந்தலில் விடுங்கள். தேனீ நுழையாத இடத்தில் அவை காய்க்க வேண்டுமானால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவ வேண்டும். முள் கத்தரிக்கு வலையே வேண்டாம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் கத்தரி நம் வெயிலில் வளர்ந்து பெயர் வாங்கியது, 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அதை வெளியே வெயிலில் விட்டுவிடுங்கள்.

400 சதுர அடியும் வேண்டாம், 120 போதும். இருவர் முதுகு வலிக்காமல் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு அது. சட்டம், வலை, வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவு, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பணமும் கையிருப்பான 60,000-லிருந்து வர வேண்டாம். வரும் மூன்று வட்டித் தவணைகளில் ஒவ்வொன்றிலும் எட்டாயிரத்துச் சொச்சம் ஒதுக்குங்கள். முதல் தவணையில் பத்துப் பைகளும் கீரையும், அடுத்ததில் சட்டமும் வலையும், கடைசியில் சொட்டுநீர் என்று படிப்படியாகப் போகலாம். பத்துப் பைகளைக் கவனிக்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டம் சில ஆயிரத்தோடு போகும்.

என்ன கிடைக்கும்? கீரை மாதம் 20 கட்டு, கட்டு 15 ரூபாய் என்றால் 300. புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை 200. கத்தரி, தக்காளி, மிளகாய் சராசரியாக 400. மொத்தம் 900. இதில் விதை, உரம், தண்ணீருக்கு 300 கழித்தால் 600 ரூபாய் மிச்சம். போட்ட 25,000 திரும்பி வர மூன்றரை ஆண்டு ஆகும். மே மாதத்தில் இந்த 900 பாதியாகக் குறையும், தை மாதத்தில் கூடும். தக்காளி விலை ஏறும்போது நமக்கு ஆதாயம் என்ற எண்ணமும் ஓரளவுக்குத்தான் சரி. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதிரி நேரத்தில் ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கத்துத் தக்காளி வயல்களைக் கெடுத்த பருவம் உங்கள் மாடியையும் சும்மா விட்டிருக்காது.

பலர் கணக்கில் எடுக்காத வரவு ஒன்று உண்டு. மேல்மாடிப் படுக்கையறை ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கும் கொதிக்கும், காரணம் பகலெல்லாம் தளம் குடித்த வெயில். நிழல்வலையை அந்த அறைக்கு நேர் மேலே போட்டால் தளம் சூடேறுவது குறையும். அறையில் ஏசி இருந்தால் மின்கட்டணத்தில் அது தெரியும், இல்லாவிட்டால் தூக்கத்தில் தெரியும். இடம் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் பாருங்கள். பாலித்தீன் கூரையிலிருந்து இந்த லாபத்தை எதிர்பார்க்க முடியாது.

விற்றே ஆக வேண்டும் என்று தோன்றினால் காயை விட்டுவிட்டு நாற்றைப் பாருங்கள். நேதாஜி மார்க்கெட்டில் குவியும் காய்களோடு உங்கள் இரண்டு கிலோ போட்டி போட முடியாது. 98 குழிகள் உள்ள தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று நாலிலிருந்து ஆறு வாரத்தில் தயாராகிவிடும், இடமும் கொஞ்சம்தான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நல்ல நாற்றுக்கு ஐந்து ரூபாய் கொடுக்கத் தயங்குவதில்லை. ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் முன்னால் நாலு தட்டு விட்டு, தெருவிலும் தெரிந்தவர்களிடமும் விற்றுப் பாருங்கள். செடி வளர்ப்புக்கான செலவை அதுவே ஈடுகட்டினால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. மாத வருமானமாக மட்டும் அதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

மானியம் பற்றி மகன் கேட்கக்கூடும். பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறை வழியாகப் பாதிச் செலவு வரை மானியம் உண்டு என்பது உண்மை. அது சிட்டா, அடங்கல் உள்ள விவசாயிகளுக்கு, நிலத்தில் அமைப்பதற்கு. மொட்டை மாடிக்கு அது வராது. மாடித்தோட்டப் பைகளையும் விதைகளையும் சில ஆண்டுகளில் சலுகை விலையில் தருகிறார்கள். தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஆண்டு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய செலவு ஒளிந்திருப்பது அங்கேதான். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்பது இந்தியத் தர விதியின் அளவு. ஈரமான பைகளைப் பரவலாக வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். 500 லிட்டர் தண்ணீர் டிரம்மைத் தளத்தின் நடுவில் வைத்தால் அரை டன் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும். டிரம் தூணுக்கு மேலே இருக்கட்டும், பைகள் உத்தரத்தையும் சுவரையும் ஒட்டி, செங்கல்மேல் சற்று உயர்த்தி இருக்கட்டும். சட்டத்தை நிறுத்தத் தளத்தில் துளை போட எவரையும் விடாதீர்கள். அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த மழையில் படுக்கையறைக்குத் தண்ணீர் இறங்கும், நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்குக் கேட்கும் தொகையில் இந்தக் குடிலை மறுபடி கட்டிவிடலாம். கைப்பிடிச் சுவரில் கட்டியும் கான்கிரீட் கட்டைகளை வைத்தும் நிறுத்தலாம். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்து வைத்துவிடுங்கள். 2020 நவம்பரில் நிவர் கரை கடந்தது புதுச்சேரி அருகே என்றாலும் நம் மாவட்டம் நனைந்து நின்றது நினைவிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீருக்குத் தோல் கழிவு என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பாக எழுதிவிட்டது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் பைகளில் அந்த உப்பு தங்கிச் செடியை மெல்லக் கருக்கும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து முதலில் நீரைப் பரிசோதியுங்கள். பை வாங்குவது அதற்குப் பிறகு. தண்ணீர் சரியில்லை என்றால் மழைநீரைத் தேக்கும் அளவுக்கு மட்டும் செடி வையுங்கள். லாரித் தண்ணீர் வாங்கிக் கீரை வளர்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

உங்கள் கடிதத்தில் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வரியும் இல்லை. 62 வயதில் கையிருப்பு 60,000 மட்டும் என்பது குடிலைவிட எனக்குப் பெரிய கவலை. இருவருக்கும் பாலிசி இருக்கிறதா, தொகை எவ்வளவு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதை எழுதி அனுப்புங்கள். பாலிசியே இல்லை என்றால், வட்டித் தவணைகளில் ஒதுக்கும் பணம் முதலில் அதற்குப் போகட்டும். சட்டமும் வலையும் அடுத்த தைக்குக் காத்திருக்கலாம்.