பதினோராவது பேரு: வாசகர் கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம்,

போன மாசம் வார்ஃபரின் மருந்து வந்த கதையை எழுதியிருந்தீங்க. 1933ல விஸ்கான்சின்ல பனிப்புயல் அடிக்கிற நேரத்துல ஒரு விவசாயி செத்துப்போன கிடாரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு மேடிசன் யுனிவர்சிட்டிக்கு வந்தாரு, கார்ல் பால் லிங்க்னு ஒரு புரொஃபசர் அதைப் பார்த்தாரு, அதுல இருந்து ரத்தம் கட்டாம இருக்கிற மருந்து வந்துச்சுன்னு. படிக்க நல்லா இருந்துச்சு, ரெண்டு பேருக்கு ஃபார்வர்டும் பண்ணேன்.

ஆனா அக்கா, நான் இருக்கிறதும் அதே மாதிரி ஒரு லேண்ட் கிராண்ட் யுனிவர்சிட்டிதான், அரசு குடுத்த நிலத்தை வெச்சு நடத்தச் சொன்ன வகை. இங்க அப்படி ஒண்ணும் நடக்கல. தோட்டக்கலையில பிஎச்டி பண்றேன், ஆப்பிள் ரூட்ஸ்டாக் சோதனை, அதாவது ஒட்டு கட்டுறப்ப அடியில வேரா இருக்கிற செடி. ஒரே ஆப்பிள் ரகத்தை வேற வேற ரூட்ஸ்டாக்ல ஒட்டு கட்டி பல ஸ்டேட்ல ஒரே வருஷம் நட்டிருக்காங்க. என் வேலை என்னன்னா, இலை கொட்டினதுக்கு அப்புறம் டேப்பை எடுத்துக்கிட்டு போய் ஒவ்வொரு மரத்தோட அடித்தண்டையும் சுத்தி அளந்து எக்செல்ல ஏத்துறது. வருஷத்துக்கு ஒரு மீட்டிங், அதுக்கு ஒரு சேர், அதாவது கூட்டத் தலைவர், அவரும் மாறிக்கிட்டே இருப்பாரு, மேல ஒரு அட்வைசர், அவரு மரத்தைப் பார்த்தே வருஷக்கணக்கா ஆயிருக்கும். போன வாரம் பேப்பர் வந்துச்சு, என் பேரு பதினோராவது. ஊர்ல அப்பா "நீ என்னப்பா கண்டுபிடிச்ச"ன்னு கேக்குறாரு. இதுக்கெல்லாம் யாரு தலைமை? இது ஆராய்ச்சியா, ஆபீஸ் வேலையா?

பேரு போட வேண்டாம் அக்கா. என் கைடுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் பயமா இருக்கு.

*

அன்புள்ள தம்பி,

தப்பு என் மேலதான். பனிப்புயலும் பால் கேனும் கிடைச்ச குஷியில கதையைப் பாதியிலேயே நிறுத்திட்டேன். மீதியை இப்ப சொல்றேன், அதுல உங்களை மாதிரி ஆளுங்க நிறைய பேர் வர்றாங்க.

அந்த விவசாயி வந்தது பிப்ரவரி மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். 190 மைல் தள்ளி இருந்து. கிடாரி, ரத்தம், கூடவே ஒரு நூறு பவுண்டு கெட்டுப்போன ஸ்வீட் குளோவர், நம்ம குதிரைமசால் மாதிரி ஒரு தீவனப் பயிர், காயவெச்சு மாட்டுக்குப் போடுறது. லிங்க் அன்னைக்கு அவருகிட்ட என்ன சொன்னாருன்னா, அந்தத் தீவனத்தை நிறுத்துங்க, முடிஞ்சா வேற மாட்டு ரத்தத்தை ஏத்திப் பாருங்க, அவ்வளவுதான். அந்த மனுஷன் அதே பனியில திரும்பிப் போனாரு. வேற தீவனம் வாங்கக் காசு இருந்திருந்தா அவரு ஏன் பூஞ்சை பிடிச்சதைப் போடப்போறாரு, சொல்லுங்க.

லிங்க் சொன்ன அந்த ரெண்டு வரி கூட அவரோடது இல்ல. கெட்டுப்போன ஸ்வீட் குளோவர்தான் மாட்டைக் கொல்லுதுன்னு பத்து வருஷம் முன்னாடியே கனடாவுல, ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரியில ஃபிராங்க் ஸ்கோஃபீல்டுன்னு ஒருத்தர் காட்டிட்டாரு (இவரு அதுக்கு முன்னாடி கொரியாவுல வேலை பார்த்தவரு, 1919 போராட்டத்தை போட்டோ எடுத்து வெளியுலகத்துக்குக் கொண்டு போனதால கொரியாக்காரங்க இன்னைக்கும் தலையில வெச்சுக் கொண்டாடுறாங்க, அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன்). அப்புறம் வடக்கு டகோடா விவசாயக் கல்லூரியில லீ ராடரிக், ரத்தத்துல புரோத்ராம்பின்ங்கிற புரதம் குறைஞ்சு போறதாலதான் உறைய மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சாரு. மேடிசன்லயே ஜெனடிக்ஸ் ஆளுங்க பிரிங்க், ஸ்மித்னு ரெண்டு பேரு, ஸ்வீட் குளோவரோட கசப்பைக் குறைக்கிறதுக்கு பிரீடிங் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. கசப்புக்குக் காரணம் அந்தச் செடியில இருக்கிற கூமரின்ங்கிற பொருள். அதைப் பத்தி லிங்க்கிட்ட வந்து பேசிட்டுப் போய் ரொம்ப நாள் ஆகல, பால் கேன் வந்து நிக்குது. ஆக அந்த சனிக்கிழமை கதவு தட்டுறதுக்கு முன்னாடியே மூணு திசையில இருந்து சேதி அந்த லேபுக்கு வந்து சேர்ந்தாச்சு.

அதுக்கு மேலயும் ஆறு வருஷம் ஆச்சு. 1939 ஜூன்லதான் லேப்ல இருந்த ஹெரால்ட் கேம்ப்பெல், கெட்டுப்போன தீவனத்துல ரத்தத்தை உறைய விடாம பண்ற பொருளைப் படிகமா பிரிச்சு எடுத்தாரு. அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சது ஹியூப்னரும் ஸ்டாமனும். அதே மாதிரி வேற வேற பொருளை வரிசையா செஞ்சு பார்த்தப்ப ஸ்டாமன், மியோஷி இகாவா கையில இருந்து வந்த 42ஆம் நம்பர்தான் வார்ஃபரின். 1948ல எலி மருந்தா கடைக்கு வந்துச்சு, 1954ல மனுஷனுக்குக் குடுக்கலாம்னு அனுமதி, மறு வருஷமே மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்குக் குடுத்தாங்க. அந்த மருந்தோட பேரைப் பாருங்க. லிங்க் பேரு இல்ல, கேம்ப்பெல் பேரு இல்ல, விவசாயி பேரும் இல்ல. விஸ்கான்சின் அலும்னி ரிசர்ச் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்போட முதல் எழுத்தைச் சேர்த்து வார்ஃப், கூமரினோட வால் பகுதியை ஒட்டி வார்ஃபரின். பேடன்ட் வெச்சிருந்த ஆபீஸோட பேருதான் உலகம் பூரா மாத்திரை அட்டையில இருக்கு. நீங்க பதினோராவதாவது இருக்கீங்க தம்பி!

சரி, விளையாட்டு போதும். யாரு தலைமைன்னு கேட்டீங்கல்ல.

லிங்கன் கையெழுத்து போட்ட 1862 சட்டத்தைத்தான் எல்லாரும் பேசுவாங்க, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் அவங்க எம்.பி. ஒருத்தருக்கு 30,000 ஏக்கர்னு கணக்குப் போட்டு நிலத்தைக் குடுத்தது, வித்து காலேஜ் நடத்துங்கன்னு. ஆனா ஆராய்ச்சியைப் பொறுத்தவரைக்கும் எனக்கு அதைவிட முக்கியமா படுறது 1887ல வந்த ஹேட்ச் சட்டம். ஸ்டேட்டுக்கு வருஷம் 15,000 டாலர், அதை வெச்சு ஒரு எக்ஸ்பெரிமென்ட் ஸ்டேஷன், அதாவது விவசாய ஆராய்ச்சி நிலையம். பெரிய தொகை இல்ல. ஆனா வருஷா வருஷம் வரும், நீ போன வருஷம் என்ன சாதிச்சன்னு கேட்டுட்டு வராது. 1914ல ஸ்மித் லீவர் சட்டம் வந்து, கண்டுபிடிச்சதை ஊருக்குள்ள எடுத்துட்டுப் போறதும் அதே யுனிவர்சிட்டி வேலைன்னு ஆச்சு. இந்த ஹேட்ச் பணத்துல கால் பங்காவது பல ஸ்டேட் சேர்ந்து பண்ற வேலைக்குத்தான் போகணும்னு இப்ப சட்டமே இருக்கு. உங்க டேப், உங்க மீட்டிங், மரத்தைப் பார்க்காத அந்த அட்வைசர் எல்லாம் அந்த ஏற்பாட்டுல இருந்து வர்றதுதான்.

அந்த அட்வைசர் வழக்கமா ஏதோ ஒரு ஸ்டேஷனோட டைரக்டரா, இல்ல அவருக்கு அடுத்த நிலையில இருக்கிறவரா இருப்பாரு. அவருக்கு ஆப்பிளைப் பத்தித் தெரியணும்னு அவசியம் இல்ல. அவரோட வேலை, அஞ்சு வருஷம் முடிஞ்சதும் இந்த ப்ராஜெக்டை நிறுத்திடாம இன்னொரு அஞ்சு வருஷம் வாங்கிக் குடுக்கிறது, ஒரு ஸ்டேட்ல புரொஃபசர் ரிட்டயர் ஆனா அந்தத் தோட்டத்தைப் புல்டோசர் விட்டு இடிக்காம பார்த்துக்க இன்னொரு ஆளைத் தேடுறது, வராத ரிப்போர்ட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கறது. போர் அடிக்கிற வேலைதான். ஆனா ஆப்பிள் மரத்துக்கு மூணு வருஷ கிராண்ட் வெச்சு என்ன பண்றது? காய்க்க ஆரம்பிக்கிறதுக்குள்ள பணம் தீர்ந்துடும். பத்து வருஷம் அந்த மரம் நிக்கணும், பத்து வருஷமும் யாராவது டேப்போட வரணும், எல்லா ஸ்டேட்லயும் ஒரே உயரத்துல அளக்கணும். அதை நடக்க வைக்கிறவரைத்தான் நான் தலைவர்னு சொல்லுவேன், மேடையில பேசுறவரை இல்ல.

ஏன் இத்தனை ஸ்டேட்ல நடணும்னு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் படிக்கிறவங்களுக்காக சொல்றேன். எம்.9னு ஒரு ரூட்ஸ்டாக், இங்கிலாந்துல ஈஸ்ட் மாலிங்ல இருந்து வந்தது, மரம் குட்டையா இருக்கும், நெருக்கி நடலாம், சீக்கிரம் காய்க்கும். ஆனா ஃபயர் பிளைட்னு ஒரு பாக்டீரியா நோய் வந்தா தாங்காது, மரமே போயிடும். அதுக்காக கார்னெல் யுனிவர்சிட்டியும் அமெரிக்க விவசாயத் துறையும் சேர்ந்து ஜெனீவா வரிசைன்னு நோய் தாங்குற ரூட்ஸ்டாக் எல்லாம் உருவாக்கினாங்க. நியூயார்க்ல நல்லா நிக்குது, சரி, மினசோட்டா குளிர்ல நிக்குமா, வேற மண்ணுல எப்படி? ஒரே ஒரு தோட்டத்தைப் பார்த்துட்டு நர்சரிக்காரன் லட்சக்கணக்குல கன்னு போட்டுட்டான்னா, தப்பானா அடி விவசாயிக்குத்தான், அதுவும் எட்டாவது வருஷம், கடன் வாங்கி மரத்தைத் தாங்கக் கம்பி கட்டினதுக்கு அப்புறம். உங்க தோட்டத்துல ஒரு மரம் செத்தா அது உங்களுக்கு எக்செல்ல ஒரு காலி கட்டம், இன்னொருத்தருக்கு அந்த ரூட்ஸ்டாக்கை வாங்க வேண்டாம்ங்கிற தகவல்.

கூட்டு வேலையில யாரு பேரு நிக்கும்ங்கிறதுக்கு இன்னொண்ணு. ஜப்பான்ல இவாத்தே பக்கம் இனாசுக்கா கோன்ஜிரோ உருவாக்கி 1935ல வெளிவந்த நோரின் 10ங்கிற குட்டைக் கோதுமை, போருக்கு அப்புறம் அமெரிக்காவுக்கு வந்து, வாஷிங்டன் ஸ்டேட் காலேஜ்ல இருந்த ஆர்வில் வோகல் கைக்குப் போச்சு. அவரு அதை உள்ளூர் கோதுமையோட கலந்து வருஷக்கணக்கா பாடுபட்டாரு. தன்னோட சொந்த ரகம் கெயின்ஸ் வெளிவந்தது 1961லதான், ஆனா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே மெக்சிகோவுல கோதுமை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த நார்மன் போர்லாக் கேட்டப்ப விதையை அனுப்பிட்டாரு. இன்னும் பேப்பர் வரல, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லல. முதல் தடவை போர்லாக் போட்டது துரு நோய்ல போச்சு, மறுபடி மிச்சம் இருந்த விதையில பண்ணாரு. அந்த வம்சத்துல வந்த கோதுமையைத்தான் 1966ல இந்தியா 18,000 டன் இறக்குமதி பண்ணுச்சு. போர்லாக்குக்கு நோபல் கிடைச்சுது, நியாயமான நோபல்தான். வோகல் பேரு நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சொல்றதால லேண்ட் கிராண்ட்ங்கிறது ஏதோ புனிதமான இடம்னு நினைச்சுடாதீங்க. குடுத்த நிலம் யாரோடது? கிட்டத்தட்ட 250 பழங்குடி இனங்ககிட்ட இருந்து பிடுங்கினது, ஒரு கோடி ஏக்கருக்கு மேல. கறுப்பர்களைச் சேர்க்காத ஸ்டேட் எல்லாம் அவங்களுக்குத் தனி காலேஜ் வைக்கணும்னு 1890ல இன்னொரு சட்டம் வந்துச்சு, வெச்சாங்க, ஆனா ஹேட்ச் பணம் அங்க போகல. ஆராய்ச்சிக்குன்னு நிலையான பணம் சட்டத்துலயே அவங்களுக்கு வந்தது 1977ல. 90 வருஷம்! 2023ல மத்திய அரசே 16 கவர்னர்களுக்குக் கடிதம் எழுதுது, முப்பது வருஷ கணக்குல மட்டும் அந்த காலேஜ்களுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல குறைச்சுக் குடுத்திருக்கீங்கன்னு. கூட்டு ஆராய்ச்சின்னு மேசை போட்டா யாருக்கு நாற்காலி போடலைங்கிறதையும் பார்க்கணும். உங்க ப்ராஜெக்ட்ல அந்த 1890 காலேஜ் ஏதாவது இருக்கான்னு பாருங்க, எனக்கும் எழுதுங்க.

நம்ம ஊருக்கும் இது வந்துச்சு, பாதியா. பந்த்நகர் விவசாய யுனிவர்சிட்டியை 1960ல இல்லினாய் யுனிவர்சிட்டி துணையோட ஆரம்பிச்சாங்க, லூதியானாவுக்கு ஓஹைய்யோ ஸ்டேட். படிப்பும் ஆராய்ச்சியும் ஒரு கூரைக்குள்ள வந்துடுச்சு. ஊருக்குள்ள எடுத்துட்டுப் போற வேலை மட்டும் பெரும்பாலும் ஸ்டேட் விவசாயத் துறைகிட்டயே நின்னுடுச்சு. அப்புறம் 1974ல புதுச்சேரியில முதல் கிருஷி விஞ்ஞான் கேந்திரா, அதாவது வேளாண் அறிவியல் நிலையம், கோயம்புத்தூர் யுனிவர்சிட்டி பொறுப்புல, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணப் பார்த்தாங்க.

எங்கப்பா ஒரு தடவை நிலக்கடலைச் செடியை வேரோட பிடுங்கி ஈரத்துணியில சுத்தி, ரெண்டு பஸ் மாறி ஒரு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை. அந்த செக்‌ஷன்காரர் லீவு, திங்கக்கிழமை வாங்கன்னுட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள செடி சருகாயிடுச்சு, என்ன புள்ளி, என்ன நோய்னு அவராலயே காட்ட முடியல. லிங்க் கதையைப் படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, அதனாலதான் திறந்திருந்த கதவை மட்டும் எழுதிட்டு உள்ள இருந்தவங்களை விட்டுட்டேன்னு நினைக்கிறேன்.

பேரு விஷயத்துக்கு வர்றேன். உங்க வருத்தத்தை நான் லேசா எடுத்துக்கல. அகர வரிசையில போட்டாங்களா, ஸ்டேட் வரிசையா, எழுதினவங்க முதல்லயா, அதை யாரு முடிவு பண்ணாங்கன்னு கைடுகிட்ட கேளுங்க, சண்டை மாதிரி இல்லாம, அடுத்த பேப்பருக்கு நான் என்ன பண்ணா முன்னாடி வருவேன்னு. அஞ்சாறு வருஷ டேட்டா பொதுவுல கிடக்குதுல்ல, அதுல ஒரு கேள்வியை நீங்களே எடுத்து, குளிர்ல எந்த ரூட்ஸ்டாக் எங்க போச்சுங்கிற மாதிரி, நான் எழுதறேன்னு அடுத்த மீட்டிங்ல கை தூக்குங்க. அந்தக் கூட்டத்துல எழுத ஆள் கிடைக்காமத்தான் பாதிப் பேருக்குத் தலைவலியா இருக்கும். சேரும் மாறிக்கிட்டே இருப்பாருன்னு எழுதியிருக்கீங்க, மாறுறதும் நல்லதுக்குத்தான், நாளைக்கு உங்களுக்கும் வரும்.

அப்பாகிட்ட டேப்போட மரத்துக்குப் பக்கத்துல நின்னு ஒரு வீடியோ கால் போடுங்க. எந்த மரம் எத்தனாவது வருஷம் செத்துச்சுன்னு காட்டுங்க, அப்புறம் அவரே கேள்வி கேட்க ஆரம்பிச்சிடுவாரு. கையுறை நல்லதா வாங்கிக்கோங்க, அந்தக் குளிர்ல விரல் விறைச்சு அளவைத் தப்பா எழுதிட்டா பதினோராவது பேருக்கும் ஆபத்து.

அன்புடன்,
அக்கா