ஏழைகளின் வீட்டுக்கடனை அரசு தள்ளுபடி செய்வது ஓட்டுக்காகத்தானே? ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர் ஏமாளியா?

நீங்கள் மாதச் சம்பளக்காரர், இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எரிச்சல் நியாயம்தான். ஆனால் வருமான வரியின் பழைய முறையில், குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்காக வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வருஷ வருமானம் 18 லட்சம் வரை உள்ளவர்களுக்கும் வட்டி மானியம் கொடுத்தார்கள். அதையெல்லாம் யாரும் ஓசி என்று சொல்லிக் கேட்டதில்லை. கடன் தள்ளுபடி பெற்ற எங்கள் அம்மாவை மட்டும் சொந்தக்காரர்களே சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நகரி. ஆந்திராவில் சித்தூர் மாவட்டம், திருத்தணிக்குப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசுக்குப் போனால் தெலுங்கு. நைனா கூலிக்கு பவர்லூம் ஓட்டினார், அம்மா பாவு பிணைப்பாள், அதாவது தறியில் முடிந்த நூலோடு புது நூலை முறுக்கி இணைப்பாள். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் இந்திரம்மா திட்டத்தில் அம்மா பேரில் வீடு வந்தது. கொஞ்சம் மானியம், மீதி கடன். கடன் கொடுத்தது மாநில வீட்டு வசதிக் கார்ப்பரேஷன். பட்டா அவர்கள் கைக்குப் போய்விட்டது.

நைனாவுக்கு மூச்சிரைப்பு வந்து தறியை விட்டதும் தவணை நின்றது. யாரும் வந்து மிரட்டவில்லை, ஜப்தி செய்யவுமில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போய் அசலோடு சேர்ந்து எழுபதாயிரத்தை நெருங்கிவிட்டது. சொந்த வீடு என்று பேர், ஆனால் அதன் பேரில் ஒரு வங்கியும் பைசா தராது. அரசு கொடுத்த மனை என்பதால் பத்திரப் பதிவு செய்யத் தடையுள்ள சொத்துகளின் பட்டியலில் (பதிவுச் சட்டம் 22-ஏ) வேறு மாட்டியிருந்தது. தங்கச்சி படிப்புக்குக் கந்து வட்டிக்கு வாங்கினோம், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே.

2021 டிசம்பர் 21ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஜெகன் தனுக்குவில் சம்பூர்ண கிருஹ ஹக்கு திட்டத்தைத் தொடங்கினார். ஊரில் எல்லாரும் ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தடவையில் கட்டிக் கடனை முடிப்பது, என்றுதான் சொன்னோம். 1983இலிருந்து 2011 ஆகஸ்ட் 15 வரை கார்ப்பரேஷனில் கடன் வாங்கிய வீடுகளுக்குக் கிராமத்தில் 10,000, நகராட்சியில் 15,000, மாநகராட்சியில் 20,000 கட்டினால் பாக்கி தள்ளுபடி, பத்திரமும் பதிவு செய்து தருவார்கள். பதிவுக் கட்டணம் கிடையாது. கடனே வாங்காமல், அரசு கொடுத்த மனையில் சொந்தக் காசில் கட்டியவர்களுக்குப் பத்தே ரூபாய். ஒழுங்காக இருந்தவரை ஏமாளியாக்குகிற திட்டம் என்பீர்களானால் இந்தப் பத்து ரூபாயையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடனே அரசியல் வந்தது. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த சந்திரபாபு, "யாரும் கட்டாதீர்கள், நாங்கள் வந்தால் இலவசமாகப் பதிவு செய்து தருவோம்" என்றார். ஆளுங்கட்சி, முந்தைய ஆட்சி வட்டித் தள்ளுபடிக்குக்கூட ஒத்துக்கொள்ளவில்லை என்றது. கட்டுவது அவரவர் விருப்பம் என்று மேலே சொன்னார்கள். கீழே அப்படி இல்லை. ஸ்ரீகாகுளம் பக்கம் ஒரு பஞ்சாயத்துச் செயலாளர், கட்டாதவர்களுக்குப் பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதியே கொடுத்து சஸ்பெண்ட் ஆனார். வீடு வீடாக வரும் எங்கள் அரசு வாலண்டீர் பெண் அப்படி எதுவும் பேசவில்லை, பாவம், தினமும் வந்து வாசலில் நிற்பாள். மேலே இருந்து நெருக்கடி.

பக்கத்து வீட்டு அக்கா, "கட்டாதே, கொஞ்ச நாள் பொறு, அவங்க வந்தா சும்மாவே தர்றாங்களாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்கவில்லை. சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து 15,000 ரூபாயை வார்டு சச்சிவாலயத்தில் (வார்டு அரசு அலுவலகம்) கட்டினாள். அங்கே மெஷினில் ரேகை விழவில்லை. பாவு பிணைக்கிறவர்களுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை முறுக்கி முறுக்கி வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். துடைத்து, ஈரத்துணியில் ஒற்றி, மறுபடி வைத்து, கடைசியில் சுண்டுவிரலில் விழுந்தது. மெஷினில் இருந்த பெண் "ஒச்சிந்தி அம்மா!" (வந்துவிட்டது அம்மா) என்று கத்தியே விட்டாள். வரிசையில் இருந்த நெசவுக்காரப் பெண்கள் எல்லாரும் தங்கள் சுண்டுவிரலைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

பத்திரம் கைக்கு வந்தது. முதலில் போன வங்கியில் மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது லீகல் ஒப்பீனியனுக்குப் போக வேண்டும் என்று இழுத்தடித்தார். இரண்டாவது வங்கி கொடுத்தது. அந்தப் பணத்தில் இரண்டு பழைய பவர்லூம் வாங்கிப் போட்டேன், இப்போது கூலிக்கு இல்லை, சொந்தமாக ஓட்டுகிறேன். தவணை ஒன்றும் தவறவில்லை. "மீட்ட வீட்டை மறுபடி அடமானம் வைத்தாயா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், வைத்தேன். அதற்குத்தானே பத்திரம். உங்கள் ஃபிளாட்டும் இன்றைக்கு வங்கியில்தான் இருக்கிறது.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. ஓட்டுக்காகச் செய்தார்களா? செய்திருப்பார்கள். 2024இல் ஜெகன் கட்சி தோற்றும் போனது. எனக்குக் கோபம் அதில் இல்லை. ஏழை வீட்டுப் பத்திரத்தை ஒரு கட்சி கட்டு என்று இழுக்கிறது, இன்னொரு கட்சி கட்டாதே என்று இழுக்கிறது. நம்பிக் காத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா கையில் இன்றைக்கும் காகிதம் இல்லை. யார் ஆட்சி மாறினாலும் தொடர்கிற மாதிரி, காலக்கெடு வைக்காமல், இதைச் சட்டமாகவே போட்டிருக்க வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரம் முழுக்கத் தெலுங்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். எனக்குப் பிறகு? எங்கள் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. என் தங்கச்சி பையன் பள்ளியில் காலாண்டுப் பரீட்சை நெருங்கும்போதுதான் தமிழ்ப் புத்தகம் வந்தது, கணக்குக்கு வாத்தியாரே இல்லை. ஓட்டுக் கேட்க வரும்போது மட்டும் எல்லாக் கட்சியும் எங்கள் தெருவில் தமிழில் பேசுகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஏமாளி இல்லை. உங்களுக்கு வரியில் கழித்தார்கள், எங்களுக்குப் பாக்கியில் கழித்தார்கள். கமெண்டில் திட்டுகிறவர்கள் முதலில் தங்கள் படிவம் 16ஐ எடுத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.