எல் கமீனோ: முதலில் நிற்கட்டும், அப்புறம் பறக்கட்டும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். 1972 ஷெவர்லே எல் கமீனோ (முன்பாதி கார், பின்னால் திறந்த தொட்டி) ஒன்றை வாங்கியிருக்கிறேன். 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ‘எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) மாடல்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். அது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாரக்கடைசியில் ஓட்டவும், தோட்டத்துக்கு மண், உரமூட்டை ஏற்றவும்தான் வாங்கினேன். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறுகிறது, இழுவையும் போதவில்லை. பேசாமல் புதுத் தலைமுறை வி8 ஆன எல்எஸ் இன்ஜினை வைத்துவிடலாமா?

பதில்: இன்ஜினை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது, போகிற போக்கில் சொன்ன அந்த ‘நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்’தான். எஸ்எஸ் கதைக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

1972இல் எஸ்எஸ் தனி மாடல் கிடையாது. எந்த வி8 இன்ஜினோடும் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். அதனால் உங்களுடையதுபோல 350 இன்ஜின் வண்டியில், ஆலையில் கொடுத்த வண்டி எண்ணை (வி.ஐ.என்.) பார்த்து எஸ்எஸ்ஸா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகுப்பிலேயே முன்சக்கர டிஸ்க் பிரேக்கும், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரும் சேர்ந்து வரும். உங்களுடையதில் முன்னாலும் டிரம் என்றால், ஒன்று யாரோ பின்னாளில் டிஸ்க்கைக் கழற்றி டிரம் மாட்டியிருக்க வேண்டும் (அப்படிச் செய்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை), இல்லையென்றால் சின்னத்தை மட்டும் வாங்கி ஒட்டியிருக்க வேண்டும். ஆலையில் வண்டியோடு வந்த தயாரிப்புத் தாள் பெட்ரோல் டாங்குக்கு மேலோ இருக்கைக்கு அடியிலோ சிக்கினால், அதுதான் முடிவான சாட்சி. தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், எஸ்எஸ் என்று நம்பி எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தீர்களோ அதை மறந்துவிடுங்கள். ஒருவகையில் நல்லதுதான். அசல் எஸ்எஸ்ஸில் கை வைக்க யோசிக்க வேண்டும். இதில் துணிந்து வேலை பார்க்கலாம்.

இன்ஜின் விஷயத்தில் 1972 வண்டி எண் உதவும். டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில், கண்ணாடி வழியே தெரிகிற எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். ‘எச்’ என்றால் இரண்டு வாய் கார்பரேட்டர் வைத்த 350, ‘ஜே’ என்றால் நான்கு வாய். எச் இன்ஜினின் திறன் 165 குதிரைசக்தி. அதே இன்ஜினுக்கு 1971இல் 245 என்று போட்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் இன்ஜின் இளைத்துவிடவில்லை. அதற்கு முன் ஃபேன், ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேடையில் வைத்து அளந்தார்கள், 1972இலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். பழைய விளம்பரங்களில் வரும் பெரிய எண்களோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

இப்போது பிரேக். எல் கமீனோவின் உடம்பு ஷெவெல் காருடையது, பின்னால் மட்டும் திறந்த தொட்டி. காலியாக ஓடும்போது பின்பக்கம் லேசாக இருக்கும். அழுத்திப் பிடித்தால் எடை முழுக்க முன்னால் சாய, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் ஒரு பக்கம் போகும். மழை நாளில் இதைக் கேட்கவே வேண்டாம். முன்சக்கரத்துக்கு 11 அங்குல டிஸ்க், பூஸ்டர், டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர் என்று முழுத் தொகுப்பாகவே வாங்குங்கள். ஆலையிலேயே இந்த வண்டிக்கு டிஸ்க் இருந்ததால் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. பின் பிரேக்குக்குப் போகும் குழாயில், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். சாதாரண காருக்கு அது ஆடம்பரம், பின்னால் ஒருநாள் காலியும் ஒருநாள் மண்ணுமாகப் போகிற வண்டிக்கு அவசியம். டிரம்முக்காக வந்த 14 அங்குலச் சக்கரம் சில சமயம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் உரசும். பணம் கொடுக்கும் முன் அளந்துகொள்ளுங்கள்.

பாரத்தைப் பொறுத்தவரை, தொட்டியின் நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது லாரி இல்லை. பின்னால் லாரி போல அடுக்குப் பட்டை ஸ்பிரிங் கிடையாது, கார் போலவே காயில் ஸ்பிரிங்தான். அதை ஈடுகட்டத்தான் ஷெவர்லே இதில் காற்று அடைக்கிற ஷாக் அப்சார்பரைக் கொடுத்தது. சுமை ஏற்றினால் டயருக்கு அடிப்பதுபோல அதற்கும் காற்று அடித்து வாலைத் தூக்கிவிடலாம். ஐம்பது வருடத்தில் யாராவது அதைச் சாதாரண ஷாக்காக மாற்றியிருப்பார்கள். மறுபடி காற்று ஷாக் போடுங்கள். காலியாக ஓடினாலும் ஷாக் வந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்சக் காற்று உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் மடிந்து கிழிந்துவிடும்.

நெடுஞ்சாலை அலறலுக்குக் காரணம் இன்ஜின் அல்ல, கியர்பாக்ஸ். டர்போ 350இல் மூன்றே கியர், வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் இல்லை. பின்னச்சில் 3.31 விகித டிஃபரன்ஷியலும் 26 அங்குல உயர டயரும் இருந்தால், 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று வரும். 1980களில் வந்த 200-4ஆர் கியர்பாக்ஸைப் போட்டால் அது 2000 அளவுக்கு இறங்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம். அதன் நீளம் டர்போ 350இன் அளவேதான் என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டியதில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை மட்டும் பின்னால் நகர்த்த வேண்டும். எல்லோரும் சொல்லும் 700ஆர்4 இதைவிட நீளம், ஷாஃப்டிலும் கை வைக்க நேரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இவற்றில் கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். பார்த்தால் கியர் மாறும் நேரத்துக்கான கேபிள் மாதிரி இருக்கும். உண்மையில் உள்ளே இருக்கும் எண்ணெய் அழுத்தத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. அது தளர்ந்திருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, சில மைல்களிலேயே கியர்பாக்ஸ் கருகிவிடும். புதிதாக மாட்டிய கியர்பாக்ஸ் ஒரே வாரத்தில் போய், மெக்கானிக்கோடு சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். தப்பு மெக்கானிக்குடையது இல்லை, அந்தக் கேபிளை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நானே விட்டதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகும் இழுவை போதவில்லை என்றால், 350இலேயே நான்கு வாய் மேனிஃபோல்டும் கார்பரேட்டரும் வையுங்கள். பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் பாயிண்ட் இல்லாத எச்.இ.ஐ. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடுங்கள். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வயர் மின்னழுத்தத்தைக் குறைக்கிற வகை என்பதால் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். எல்எஸ் நல்ல இன்ஜின்தான். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைச் சோதனையும் இல்லை, அதனால் அந்தத் தொல்லையும் கிடையாது. ஆனால் இன்ஜின் விலையோடு செலவு நிற்காது. மவுண்ட், எண்ணெய்த் தொட்டி, எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், வயரிங், கணினி, சைலன்சர் குழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாதியில் பணம் தீர்ந்துபோய் ஷெட்டில் தூங்குகிற எல் கமீனோக்கள் ஏராளம்.

இத்தனைக்கும் முன்னால், வருகிற சனிக்கிழமையே பார்க்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தொட்டியில் கேபினை ஒட்டினாற்போல் தரைத்தகட்டில் திருகு போட்ட மூடி ஒன்று இருக்கும். கீழே ஆழமான ஒரு பள்ளம். ஷெவெல்லின் ஸ்டேஷன் வேகனில் பின்இருக்கைக்காரர்கள் கால் வைக்கிற இடம் அது. எல் கமீனோவில் மேலே தகடு போட்டு மூடிவிட்டார்கள். ‘கடத்தல்காரன் பெட்டி’ என்று செல்லப்பெயர். ரகசியமாக எதையும் கடத்தினார்களோ இல்லையோ, மழைத்தண்ணீர் தாராளமாகப் போய் உட்காரும். நண்பர் ஒருவரின் 1970 வண்டியில் அந்த மூடியைத் தூக்கினோம். பைன் மர ஊசிகள் ஊறி மக்கி, வடிகட்டிய டீத்தூள் மாதிரி கறுப்பாகக் கிடந்தன. கரண்டியால் வாரி எடுத்ததும் ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிந்தது. வெளியே பளபளவென்று புது பெயின்ட்.

உங்களுடையதில் அங்கே ஓட்டை இருந்தால், பிரேக்குக்கு ஒதுக்கும் பணத்தைத் தவிர மற்றதெல்லாம் முதலில் தகடு வெட்டி வெல்டிங் வைக்கப் போகட்டும். மூடியைக் கழற்றியதும் பின்சக்கர வளைவு, டெயில்கேட்டின் அடிவிளிம்பு, பின்கண்ணாடியின் ஓரம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். மூடியின் திருகுகள் அத்தனை சுலபத்தில் கழன்று வராது. வெள்ளிக்கிழமை இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.