மூவாயிரம் ரூபாயில் ராக் கேட்க எந்த ஹெட்போன்?

கேள்வி: அண்ணாச்சி, நான் வீரவநல்லூரிலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்குக் கல்லூரி வந்து போகிறேன். ராக், ஹெவி மெட்டல்தான் கேட்பேன். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று ஒரு ப்ளூடூத் ஹெட்போன் காட்டினார்கள். அட்டையில் 8,999 போட்டிருக்கிறது, 2,800-க்குத் தருகிறார்கள். பில் வேண்டாம் என்றால் 2,400. வாங்கலாமா? இல்லை, துபாயில் இருக்கும் மாமா லீவுக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லவா?

பதில்: தம்பி, 2,400-க்கும் வேண்டாம், 2,800-க்கும் வேண்டாம். மாமா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையில் உங்களுக்கு எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏதாவது ஒரு குத்துப் பாட்டாகத்தான் இருக்கும். எக்ஸ்ட்ரா பாஸ் ஹெட்போனை, அதாவது கீழ் ஸ்தாயி ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற ஹெட்போனை, விற்க அதைவிட நல்ல பாட்டு கிடையாது. அடி நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும், கை தானாகப் பர்ஸுக்குப் போகும். ராக் கதை வேறு. அதில் கீழ் ஸ்தாயியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 41 முறை, அதிர்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த தந்திக்கு 82 ஹெர்ட்ஸ். மெட்டல்காரர்கள் சுருதியை அதற்கும் கீழே இறக்கி வாசிப்பார்கள். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் கனமும் இந்த வட்டாரத்திலேயே விழுகிறது. இந்த இடத்தை மட்டும் ஒரு ஹெட்போன் ஊதிப் பெருக்கினால் மூவரும் ஒன்றாகக் குழைந்து 'கும்'மென்று ஒரே இரைச்சல்தான் மிஞ்சும். அது மேலே வழிந்து பாடுகிறவர் குரலையும் மூடிவிடும்.

ஊர்க்கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். நல்ல மைக்செட் அமைந்தால் குடத்தின் 'தொம்', உடுக்கை, ஜால்ரா, புலவரின் குரல் எல்லாம் தனித்தனியாகக் காதுக்கு வரும். மைக்செட்காரர் பாஸைக் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் குடம் மட்டும்தான் கதை சொல்லும். உங்கள் 'எக்ஸ்ட்ரா பாஸ்' இந்த இரண்டாவது ரகம்.

அதற்காக பாஸே இல்லாத தகர டப்பாவை வாங்கச் சொல்லவில்லை. டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டாரின் கூர்மை 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. நம் காது மிகவும் கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தில்தான். அங்கே தூக்கலாக இருக்கும் ஹெட்போன் முதல் பாட்டில் 'ஆகா, எவ்வளவு தெளிவு' என்று தோன்றும். கால் மணி நேரத்தில் கழற்றி வைக்கத் தோன்றும். கீழேயும் மேலேயும் அளவோடு இருப்பதைத்தான் தேட வேண்டும்.

அட்டையில் இருக்கும் எண்களை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. '20 - 20,000 ஹெர்ட்ஸ்' என்று 300 ரூபாய் அட்டையிலும் இருக்கும், 30,000 ரூபாய் அட்டையிலும் இருக்கும். மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான். அந்த எல்லைக்குள் எங்கே தூக்கல், எங்கே பள்ளம் என்பதை அட்டை சொல்லாது. ஒலி எழுப்பும் டிரைவர் 50 மில்லிமீட்டர் என்றால் 40-ஐவிட நல்லது என்பதும் அப்படித்தான், சும்மா அளவு. நீங்கள் பார்க்க வேண்டிய முக்கியமான எண் ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை. 16 முதல் 60 வரை இருந்தால் பெரும்பாலும் போனாலேயே போதிய சத்தம் தர முடியும். 250 ஓம் என்று பார்த்தால் தொடாதீர்கள், அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். விளக்கு எரிகிற '7.1' கேமிங் ஹெட்செட் பக்கமும் போக வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் காதால் சோதியுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ராக் பாட்டை நல்ல தரத்தில் போனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். போனில் பாஸையும் மற்ற ஸ்தாயிகளையும் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். சத்தத்தைப் பாதியில் வையுங்கள். கடைக்காரர் முழுதாகக் கூட்டச் சொல்வார், கூட்டாதீர்கள். கூடுதல் சத்தத்தில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். இப்போது பேஸ் கிட்டாரை மட்டும் காதால் பின்தொடருங்கள். டிரம் அடி விழும்போதும் அது எந்தச் சுரத்தில் நகர்கிறது என்று தெரிந்தால் பாஸ் சரி. அடுத்து சிம்பல், டிரம் செட்டில் இருக்கும் உலோகத் தட்டு. தட்டியதும் 'ஜ்ஜங்' என்று எழுந்து மெல்ல அடங்க வேண்டும். 'ஸ்ஸ்ஸ்' என்று அடுப்பில் தண்ணீர் தெளித்த சத்தம் வந்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். 'மாதிரி போட்டுக் காட்ட மாட்டோம், சீல் உடைந்துவிடும்' என்று சொல்கிற கடையாக இருந்தால் அப்படியே ரோட்டைக் கடந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

சரி, எதை வாங்குவது? இந்த விலையில் வயர் வைத்தது. ப்ளூடூத்தில் பேட்டரி, சிப், சார்ஜிங், மைக் என்று பணம் பல பக்கம் போய்விடுகிறது. காதுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி ஓய்ந்தால் முழுப் பொருளும் குப்பை.

நீங்கள் தினமும் பஸ்ஸிலோ செங்கோட்டை ரயிலிலோ வருகிறவர். வண்டியின் உறுமல் பாஸை விழுங்கிவிடும். அதனால் காதை அடைக்கிற மாதிரிதான் வேண்டும். என் முதல் சிபாரிசு வயர் வைத்த, காதுக்குள் செருகுகிற நல்ல இன்-இயர். மூன்ட்ராப் சூ மாதிரி ஒன்று இரண்டாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. கூட வரும் ரப்பர் முனைகளில் உங்கள் காதுக்குச் சரியாக அடைவதைப் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள். அடைப்பு சரியில்லையென்றால் பாஸ் மொத்தமும் வெளியே போய்விடும். 'எனக்குப் பெரிய ஹெட்போன்தான் வேண்டும், ராத்திரி வீட்டில்தான் கேட்பேன்' என்றால் ஆடியோ-டெக்னிக்கா எம்20எக்ஸ். 47 ஓம், சத்தம் அதிகம் வெளியே கசியாத மூடிய வகை. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், தள்ளுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் வயர் மூன்று மீட்டர் நீளம், கழற்றவும் முடியாது. பஸ்ஸுக்கு உதவாது. ராக் என்றாலே சிலர் கிராடோ கம்பெனி ஹெட்போன் என்பார்கள், சிலர் 1984 முதல் விற்றுவரும் கோஸ் போர்ட்டா ப்ரோ என்பார்கள். நல்லவைதான், ஆனால் திறந்த வகை. நீங்கள் கேட்பதைப் பக்கத்து சீட்டு ஆச்சியும் கேட்பார்.

காதுமெத்தையைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மலிவு ரெக்சின் மெத்தை ஒரு கோடையில் உரிந்து, கறுப்புச் செதில் செதிலாகக் காதில் ஒட்டும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

போனில் வட்ட ஓட்டை இல்லையென்றால் டைப்-சி மாற்றி வேண்டும். நூறு ரூபாய் மாற்றியில் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் கம்பிதான். உங்கள் போன் டைப்-சி வழியாக டிஜிட்டல் ஒலியை மட்டும் தரும் ரகமென்றால் அதில் சத்தமே வராது. டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றும் 'டி.ஏ.சி.' சிப் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். '8,999 அட்டை, 2,800 விலை' என்றதும் உங்களுக்கு ஆறாயிரம் லாபம் என்று தோன்றியிருக்கும். ஒரு லாபமும் இல்லை. எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற வரம்பு. அதை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அடித்துக் காட்டுவதற்காகவே அச்சடிக்கிற விலை அது. 'பில் போட்டால் வரி கூடும்' என்பது அடுத்த வலை. எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான். அதற்குப் பாதிக்கும் கீழே விற்கிறவர் பில்லுக்குத் தனி ரேட் சொன்னால், சரக்கு கணக்கில் வராமல் வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனிலும் இந்தக் கூட்டம் உண்டு. பிராண்ட் பெயரை மட்டும் பார்க்காமல் 'விற்பவர்' யார் என்ற வரியைப் பாருங்கள்.

'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று கௌரவமாகச் சொல்வார்கள். போலி என்று அர்த்தம். என் மேஜைக்கு ரிப்பேருக்கு வந்த ஒன்றைத் திறந்து பார்த்தேன். வெளியே பெரிய கம்பெனி முத்திரை, கையில் எடுத்தால் நல்ல கனம். காதுமெத்தையைக் கழற்றி நாலு ஸ்க்ரூவை எடுத்தால், கிண்ணத்தின் அடியில் ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். வேறெதற்கும் இல்லை, கனத்துக்கு மட்டும். டிரைவர் இருநூறு ரூபாய் ஹெட்செட்டில் வரும் அதே மெல்லிய பிளாஸ்டிக் படலம். கொண்டுவந்த பையன் அதற்கு நாலாயிரம் கொடுத்திருந்தான். கையில் தூக்கிப் பார்த்து 'வெயிட்டா இருக்கு, ஒரிஜினல்தான்' என்று சொல்கிற நண்பனைக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

அட்டையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், புகார் எண், எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். பெயரே இல்லாமல் 'மேட் இன் சைனா' மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ப்ளூடூத் என்றால் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர அமைப்பின் முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைத் தட்டினால் அந்த எண் யாருடையது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே குற்றம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம், திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். 2,800 ரூபாய்க்காகக் கல்லூரிக்கு லீவு போட்டு வாய்தா வாய்தாவாக அலைய எந்த மாணவனால் முடியும்? முடியாது என்பது விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். வாரன்டி கேட்டாலும் மதுரைக்கு அனுப்பு, சென்னைக்கு அனுப்பு, கூரியர் செலவு உன்னுடையது என்பார்கள். அங்கே திறந்து பார்க்காமலே 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று எழுதித் திருப்புவார்கள். இதனால்தான் வாங்கும்போதே இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன். பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லில் எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

ராத்திரியில் படித்துக்கொண்டே மணிக்கணக்கில் கேட்கிறவர் என்றால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் கேட்கலாம், 90 என்றால் நாலே மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பஸ் சத்தத்தை அமுக்குவதற்காகக் கூட்டுவதுதான் காதைக் கெடுப்பது.

இனி மாமா. பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாமல் எதையும் வாங்காதே என்பதற்கு ஒரே ஒரு விலக்கு அவர்தான், அதுவும் சில நிபந்தனைகளோடு. ப்ளூடூத் வாங்கி வந்தால் வேண்டாம். பேட்டரியோ சிப்போ போனால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் 'இது இந்தியா சரக்கு இல்லை' என்று கைவிரிக்கும். வயர் வைத்ததாக இருந்து, வயரைக் கழற்றி மாட்ட முடியும் என்றால் தாராளமாக வாங்கி வரட்டும். வயர் ஹெட்போனில் அடிக்கடி போவது வயரும் ஜாக்கும்தான். வயர் மாற்றக்கூடியது என்றால் வாரன்டி இல்லாதது பெரிய நஷ்டமில்லை. வயர் கழலாதது என்றால்? ஜாக்கை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம். இன்-இயர் என்றால் அதைப் பிரித்து ரிப்பேர் செய்வது முடியாத காரியம். கழலும் வயர் கட்டாயம். விலையையும் திர்ஹத்திலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். துபாய் என்பதாலேயே மலிவு என்று கிடையாது, அங்கேயும் ஃபர்ஸ்ட் காப்பி விற்கிற சந்துகள் உண்டு. பெரிய கடையில் வாங்கி, அங்கேயே அவர் போனில் மாட்டி இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மாடல் பெயரைப் போனில் வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்புங்கள். 'அதே மாதிரி, இன்னும் பெரிசா இருந்துச்சு, அதான் வாங்கிட்டேன்' என்று மாமாக்கள் வந்து நிற்பது வழக்கம்.