கன்று கொடுத்த ஊர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் தாண்டிக்குடிக்குப் போயிருந்தோம். பண்ணைக்காட்டுச் சாலையை விட்டு ஒரு காபித் தோட்டத்துக்குள் நடந்தபோது, ஏழெட்டு வீடுகளின் மண்சுவர்கள் மட்டும் நிற்பதைப் பார்த்தோம். ஒரு வாசலில் ஆட்டுக்கல் அப்படியே கிடந்தது. “மலைவாழை போட்டவங்க இருந்த இடம், எல்லாம் எழுபதுகளில் இறங்கிட்டாங்க” என்றார் வழிகாட்ட வந்தவர். நகர மோகத்தில் மண்ணைக் கைவிட்ட ஒரு தலைமுறையின் சுவடாகவே அது எனக்குப் பட்டது. நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன், இதைப் பற்றி எழுதுவீர்களா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் அப்படிப்பட்ட சுவர்கள் பல உண்டு. என் அம்மாச்சி பிறந்து வாழ்ந்த ஊரும் அப்படித்தான் போனது. அதனால்தான் ‘நகர மோகம்’ என்ற உங்கள் சொல்லைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மலைவாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. 2000 அடியிலிருந்து 5000 அடி வரை, சரிவுகளில், காபிச் செடிக்கு நிழலாக, மழையை மட்டும் நம்பி நிற்கும். ஒருமுறை நட்டால் போதும், பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருக்கும். பேரன் வெட்டும் தார் தாத்தா நட்ட கட்டையிலிருந்து வந்ததாக இருக்கும். பழத்தில் நீர் குறைவு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை கெட்டியாக இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடுவதும் அதனால்தான். அடிவாரத்து விருப்பாட்சியின் பெயரே இந்தப் பழத்துக்கு நிலைத்துவிட்டது.

அம்மாச்சியின் ஊரில் கன்றை யாரும் விற்றதில்லை. தம்பி பாகம் பிரிந்தால் அண்ணன் காட்டிலிருந்து கன்று போகும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் சீரோடு கன்றும் போகும். “கன்னுக்குக் காசு வாங்குனா தார் தங்காது” என்பார் அம்மாச்சி. அந்த ஊரில் யார் காட்டில் நிற்கும் வாழையும் இன்னொருவர் காட்டு வாழைக்குச் சொந்தம்தான்.

நோய் வந்தது அந்த வழியாகத்தான்.

முடிக்கொத்து நோய் இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்குள் நுழைந்தது. பிறகு கீழ்மலைக்கும் ஏறியது. அது ஒரு நச்சுயிரியால், அதாவது வைரஸால், வருவது. அந்த நச்சுயிரியைச் சுமப்பது வாழை அசுவினி என்ற சின்னக் கருப்புப் பூச்சி. அடித்தண்டின் மட்டை இடுக்கிலும் குருத்திலும் ஒளிந்திருக்கும். நோய் கண்ட மரத்தில் புது இலைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டையாக, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். பெரும்பாலும் தார் தள்ளாது. ஆனால் நோய் உள்ளே புகுந்ததும் இதெல்லாம் தெரியாது. சில இலைகள் வந்த பிறகுதான் தெரியும். அதுவரை கன்று பார்வைக்கு நல்ல கன்றுதான்.

எங்கள் தாத்தா பாகம் பிரிந்தபோது அம்மாச்சியின் அண்ணன் தன் காட்டிலேயே செழிப்பான கன்றுகளாகப் பார்த்துத் தோண்டிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் இரண்டு காட்டிலும் முடிக்கொத்து வந்துவிட்டது. சீக்குக் கன்றைத் தள்ளிவிட்டார் என்று தாத்தா வீட்டார் பேசினார்கள். இவர்கள் கண்பட்டுத்தான் தன் காடு போனது என்று அவர் சொன்னார். அண்ணனும் தங்கையும் அதன்பிறகு பேசிக்கொள்ளவில்லை. அவர் சாவுக்கு அம்மாச்சி போனார், ஆனால் அழவில்லை என்பார்கள். இலைக்குருத்தில் இருந்த ஒரு பூச்சிக்காக அவர்கள் இருவரும் இருபது வருஷம் பேசாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும், அப்புறம் கட்டையோடு தோண்டி அழிக்க வேண்டும். பாட்டன் நட்ட கட்டையைத் தோண்ட யாருக்கு மனசு வரும்? மேலே வெட்டிவிட்டுக் கட்டையை விட்டார்கள். அதிலிருந்து கன்று முளைத்தது, கன்றோடு நோயும் வந்தது. ஒருவர் தோண்டினாலும் பக்கத்துக் காட்டுக்காரர் தோண்டாவிட்டால் பயனில்லை. கடன் தாங்காமல் ஒரு குடும்பம் கீழே இறங்கினால், பார்க்க ஆளில்லாத அந்தக் காடே அசுவினிக்குப் பண்ணையாகிவிடும். அடுத்த காடு போகும். அடுத்த வீடும் இறங்கும்.

முதலில் இறங்கியவர்கள் நிலம் இல்லாதவர்கள். களையெடுத்தவர்கள், தார் வெட்டிச் சுமந்தவர்கள். தார் இல்லாத காட்டில் அவர்களுக்குக் கூலி ஏது? விற்க ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் போனவர்கள் அவர்கள். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் வருவதே இல்லை. அது எங்கள் குற்றம்.

எழுபதுகளில் கீழ்மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. கமலா ஆரஞ்சும் நோயில் நலிந்தது. காபியையும் மிளகையும் மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு எங்களுக்கு நிலம் இல்லை. தாத்தா காட்டைக் கிரயம் செய்துவிட்டு வத்தலக்குண்டில் ஒரு மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார். அவருக்கு நகரத்தின் மேல் ஒரு மோகமும் இருந்ததில்லை. மழை வாசம் வந்தால் மண்டியை விட்டு வெளியே வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு நல்லதும் நடந்தது. திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நச்சுயிரி இல்லை என்று சோதித்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மலைவாழையை மீட்கப் பாடுபட்டன. விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. மலைவாழை மறுபடி சரிவுகளில் நிற்கிறது. ஆனால் இப்போது போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் புத்தி, பக்கத்துக் காட்டில் கன்று வாங்காதே என்பது. அது சரியான புத்திதான். அம்மாச்சியிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி அந்தப் பக்கம் போனால் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் பாருங்கள். அடுப்படிக் கழிவு விழுந்த இடத்தில் ஒரு வாழைக்குத்து இன்னும் நிற்கலாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஆசைப்பட்டுக் கன்று எடுத்துவிடாதீர்கள். இலை கொத்தாக நின்றால் தோட்டக்காரரிடம் சொல்லி, அசுவினியைக் கொன்ற பிறகு கட்டையோடு தோண்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.